டிராஃப்ட் ஆரூட சாஸ்திரம்: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவில் குடியேறிய தமிழர் இல்லங்களில் ஏப்ரல் மாதந்தோறும் இரண்டு ஆரூடங்கள் நிகழ்கின்றன. சித்திரை முதல் நாளன்று புதுப் பஞ்சாங்கத்தைப் பிரித்து, இவ்வருஷத்து ராஜா யார், மந்திரி யார், மழை எத்தனை மரக்கால், எந்த ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று பெரியவர் ஒருவர் படிக்க, மற்றவர்கள் பாயசம் ஆறும்வரை கேட்டிருப்பது முதலாவது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அதே இல்லத்தின் இளையவர், தம் அபிமான அமெரிக்கக் கால்பந்து அணி அவ்வாண்டு டிராஃப்டில் எந்தக் கல்லூரி வீரரை எத்தனையாவது இடத்தில் எடுக்கும் என்று தாமே கணித்து வைத்திருக்கும் அட்டவணையை, கேட்பார் உண்டோ இல்லையோ, உரத்த குரலில் வாசிப்பது இரண்டாவது. முதலாவதைப் பற்றிப் பண்டிதர்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். இரண்டாவதோ, எடிசன் நகரத்து அடித்தளக் கூடங்களிலும் ஃப்ரீமாண்ட் நகரத்து வரவேற்பறைகளிலும் இத்தனை சிரத்தையுடன் பயிலப்பட்டு வந்தும், ஆராய்ச்சியாளரின் கடாட்சம் பெறாமல் கிடக்கிறது. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

சாஸ்திரம் என்றால் முதலில் லட்சணம் சொல்ல வேண்டும். டிராஃப்ட் என்பது, கல்லூரி ஆட்டத்தை முடித்துத் தொழில்முறை ஆட்டத்துக்கு வரும் வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் சடங்கு. முந்தைய பருவத்தில் மிகக் கேவலமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. வாகை சூடிய அணிக்குக் கடைசி இடம். இந்த விசித்திர தர்மத்தை 1935ல் முன்மொழிந்தவர் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். 1936 பிப்ரவரியில் ஒன்பது அணிகள் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் முதன்முதலாகக் கூடியபோது, முதல் வீரரை எடுக்கும் பாக்கியம் அவருடைய அணிக்கே வாய்த்ததைத் தற்செயல் என்றே கொள்வோம். அப்படி எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்ற சிகாகோ பல்கலைக்கழக வீரர், சம்பளப் பேச்சு படியாமல், தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே வேறு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளையார் சுழியே கோணலாக விழுந்த இந்த சாஸ்திரம் அன்றிலிருந்து இன்றுவரை தழைத்தோங்கி, 32 அணிகளும் ஏழு சுற்றுகளும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெயர்களுமாக மூன்று நாள் உற்சவமாக விரிந்திருக்கிறது. இனி ரசிகக் கணிப்பின் லட்சணமாவது: அணியின் அலுவலர் எவரையும் ஒருமுறையேனும் சந்தித்திராத ஒருவர், எவரும் கேளாமலே, காலணா ஊதியமும் இல்லாமல், அவ்வணி செய்யப்போவதை முன்கூட்டி அறிவிப்பது.

இக்கணிப்புக்குப் பிரமாணங்கள் எவை? நம் தார்க்கிகர் வகுத்த வழியிலேயே பார்க்கலாம். பிரத்தியட்சம் என்பது கண்ணால் கண்டறிதல். ரசிகர் அந்த வீரரைக் கண்ணால் கண்டிருக்கிறார், ஆனால் மூன்று நிமிஷம் ஓடும் துண்டுப் படத்தில். அதில் அவ்வீரர் ஒருமுறையேனும் பந்தை நழுவவிட்டதை யாரும் சேர்ப்பதில்லை. சப்தம் என்பது ஆப்தர் வாக்கு. 1984 முதல் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் இதற்கென்றே அமர்ந்திருந்து புகழ்பெற்ற மெல் கைப்பர் போன்றோரின் வாக்கு இவ்வகை. ஆப்தர் வாக்கு தம் அட்டவணையோடு ஒத்துப்போனால் ரசிகர் அதை மேற்கோள் காட்டுவார். முரண்பட்டால் அந்த ஆளுக்கு ஃபுட்பால் தெரியாது என்பார். அனுமானமோ விரிவானது. ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியில் இண்டியானாபோலிஸ் நகரில் இளைஞர்களை வரிசையாக நிறுத்தி, நாற்பது கஜம் ஓடவைத்து நேரம் குறிப்பதோடு, உயரம், எடை, கை நீளம், விரித்த கையின் அகலம் என்று சர்வாங்கத்தையும் அளந்து பதிகிறார்கள். சாமுத்திரிகா லட்சணம் எழுதியவர் இருந்து பார்த்தால் மெய்சிலிர்த்திருப்பார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை பந்து எறியும் வீரரான ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம்தான் என்பது 2020ல் பெரும் சர்ச்சையாகி, அத்தனை சிறிய கையால் பந்து எறிய முடியுமா என்று விசாரம் நடந்தது. சின்சினாட்டி அணி அவரை முதல் ஆளாகவே எடுத்து, இரண்டே ஆண்டில் வாகைப் போட்டியான சூப்பர் பௌல் வரை போயிற்று. மாறாக, 2017ல் நாற்பது கஜத்தை 4.22 விநாடியில் கடந்து சாதனை புரிந்த ஜான் ராஸை அதே அணி ஒன்பதாம் இடத்தில் எடுத்தது. ஓட்டம் அங்கேயே நின்றது. அனுமானம் இவ்வாறு இருபுறமும் வெட்டும் என்பதால், ரசிகர்கள் அதைக் கைவிடுவதில்லை.

இங்கே ஒரு சரித்திர உண்மையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த சாஸ்திரத்தில் இந்தியருக்குள்ள பாத்தியதை பலருக்குத் தெரியாது. டல்லஸ் கௌபாய்ஸ் அணி 1960ல் பிறந்த புதிதில், அதன் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், வீரர் தேர்வில் மனிதர்களின் விருப்பு வெறுப்புகளைக் களைய வேண்டும் என்று விரும்பி, ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளை ஒன்றை நாடினார். அங்கிருந்து அவருக்கு வாய்த்தவர், இந்தியாவில் பிறந்து அலிகாரில் படித்த புள்ளியியல் அறிஞர் சலாம் குரைஷி. இவர் கிரிக்கெட் தெரிந்தவர். அமெரிக்கக் கால்பந்து இன்னதென்று அதுவரை அறியாதவர். ஆயினும் கௌபாய்ஸ் நிபுணர்களை உட்காரவைத்து, நல்ல வீரனிடம் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டு, குணம், சுறுசுறுப்பும் உடற்கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, புத்திக் கூர்மை, வலிமை என்று அவர்கள் வாயாலேயே வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். சான்பிரான்சிஸ்கோ 49அர்ஸ் முதலிய அணிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு இம்முயற்சியில் சேர்ந்தன. ஆட்டமே தெரியாத ஒருவர் ஆட்டக்காரரை மதிப்பிட வழி வகுத்ததைக் கேட்டு நகைப்போர் உண்டு. நான் நகைக்க மாட்டேன். திருச்சியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, முப்பது வயதுக்கு மேல் இவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டு, இன்று ஏழு சுற்றுக்கும் பெயர் சொல்லும் நம் அன்பர்களுக்கு இவரைவிட உத்தமமான ஆதிகுரு கிடைப்பது துர்லபம்.

குரைஷிக்குப் பின் இச்சாஸ்திரம், நம் பஞ்சாங்கத்தைப் போலவே, இரண்டு சம்பிரதாயங்களாகப் பிரிந்தது எனலாம். கண்பார்வையையும் பழைய அனுபவத்தையும் நம்புவோர் வாக்கியக்காரர். எண்ணை நம்புவோர் திருக்கணிதக்காரர். பிற்பாடு 1990களின் தொடக்கத்தில், கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில், முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, மூன்றாவதற்கு 2200 என்று இடந்தோறும் விலை நிர்ணயித்த அட்டவணை ஒன்று பிறந்து, இடம் மாற்றும் பேரங்களுக்கெல்லாம் ஆதாரமாயிற்று. இவ்வட்டவணையைப் பார்த்து எட்டாம் இடத்தை விற்றுப் பதினைந்தையும் நாற்பத்தாறையும் வாங்குவது, தம் வீட்டுக் கடன் வட்டியை ஒருநாளும் கணக்குப் பார்த்திராத ரசிகருக்கும் கைவந்த கலை.

தேசபேதம் இக்கலையில் மிக முக்கியம். பே ஏரியா ரசிகர் பெரும்பாலும் திருக்கணிதம். எக்செல் தாளில் நிறம் தீட்டி, நிகழ்தகவு இட்டு, அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே மெருகேற்றுவார். ஆனால் கணிதத்தைக் கிரகங்கள் கேலி செய்த வரலாறும் அவ்வூருக்கே உரியது. 2021ல் 49அர்ஸ் அணி, மூன்றாம் இடத்துக்கு ஏறுவதற்காக மூன்று ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகளையும் மேலும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் மயாமிக்கு எழுதிக் கொடுத்தது. அவ்விடத்தில் மேக் ஜோன்ஸ்தான் என்று ஆரூடக்காரர் பலர் அடித்துச் சொன்னார்கள். அணி எடுத்ததோ ட்ரே லான்ஸ். அவர் அங்கே நான்கே ஆட்டங்களில் தொடக்க வீரராக இறங்கிவிட்டு, 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு டல்லஸுக்குக் கைமாறினார். இதற்கிடையே 2022ல், 262 பேரில் 262ஆவதாக, கடைசி ஆளுக்கென்றே வைத்திருக்கும் பரிகாசப் பட்டத்துடன் வந்துசேர்ந்த ப்ராக் பர்டி, 2024 பிப்ரவரியில் அதே அணியைச் சூப்பர் பௌல் வரை நடத்திச் சென்றார். பர்டியை நான் அப்போதே சொன்னேன் என்று இன்று சன்னிவேலில் சொல்லாதவர் இல்லை. ஏழாம் சுற்றுவரை அட்டவணை போடும் பொறுமை அவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்பது பண்பாகாது.

நியூஜெர்சியில் நிலைமை வேறு. பெயர் நியூயார்க், பட்டா நியூஜெர்சி என்று ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் ஒரே மைதானத்தில் குடியிருக்கும் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் என்ற இரண்டு அணிகளில், ஜெட்ஸ் கடைசியாகச் சூப்பர் பௌல் வென்றது 1969 ஜனவரியில். 1983ல், பின்னாளில் புகழ்பெற்ற டான் மரீனோ கையெட்டும் தூரத்தில் இருக்க, 24ஆம் இடத்தில் கென் ஓ'ப்ரையனை எடுத்து, மூன்று இடம் தள்ளி மரீனோ மயாமிக்குப் போனதைக் கண்ட பரம்பரை அது. ஆகவே ஜெர்சி ரசிகர் தாம் விரும்பும் பெயரைச் சொல்லவே மாட்டார்; வாய்விட்டுச் சொன்னால் நடக்காது என்பது அவருடைய சித்தாந்தம். தாம் அஞ்சும் பெயரையே எழுதி வைப்பார். பலித்தால் தீர்க்கதரிசி, பலிக்காவிட்டால் திருஷ்டி கழிந்தது. இதைவிட அபாயமற்ற கணிப்புமுறையை நான் எங்கும் கண்டதில்லை.

டெக்சாஸில் அச்சமும் இல்லை, கணிதமும் இல்லை, இச்சை ஒன்றே. அங்கே கௌபாய்ஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸே முதல் ரசிகர். 2014ல், டெக்சாஸ் மண்ணின் மைந்தர் ஜானி மான்சியெல் மீது ஜெர்ரி ஜோன்ஸ் ஆசை வைத்திருந்தார். மகனும் மற்றவர்களும் தடுத்துப் பதினாறாம் இடத்தில் ஸாக் மார்ட்டினை எடுக்கவைத்தார்கள். மான்சியெல் இரண்டே பருவத்தில் காணாமல் போனார்; மார்ட்டின் பதினோரு பருவம் ஆடினார். தகப்பனைத் தடுக்கும் மகன் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.

ஃப்ரிஸ்கோவில், கௌபாய்ஸ் தலைமையகத்துக்குக் காரில் பத்து நிமிஷ தூரத்தில் வாழும் நண்பர் ஒருவர் வீட்டில் டிராஃப்டின் முதல் நாள் இரவை நேரில் ஆராயும் வாய்ப்புக் கிட்டியது. முறுக்கு டப்பா, மடிக்கணினி, மஞ்சள் பூசிய பதினான்கு பெயர்கள். விருந்தாளி விசாவில் வந்திருந்த அவர் தாயார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஓர் இளைஞன் தொப்பியை மாட்டிக்கொள்ள, கீழே ஓர் அம்மாள் கண்ணீர் வடித்தாள்.

“ஏன்டா, அந்தப் பொம்பளை அழுவுறாளே, தூரமாப் போஸ்டிங் போட்டுட்டாங்களா?”

“சந்தோஷத்துல அழுவுறாங்கம்மா.”

“எந்த ஊருக்குப் போறேன்னு பையனை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?”

“கேக்க மாட்டாங்கம்மா. ரூல் அப்படி.”

“நீ சொன்ன பையன் எங்கடா?”

நண்பர் மறுமொழி கூறவில்லை. அவர் சொன்ன பையனை இரண்டு இடம் முன்னதாகவே வேறோர் அணி எடுத்துப் போயிருந்தது. சற்று நேரம் முறுக்கைக் கடித்துவிட்டு, அது ரீச் (அவசரப்பட்டு முன்னதாக எடுத்தது) என்றும், அவன் பஸ்ட் (சோடை) ஆவான் என்றும், தம் அணிக்கு இப்போது கிடைத்திருப்பவனே உண்மையில் ஸ்டீல் (மலிவில் வாய்த்த மாணிக்கம்) என்றும் தீர்ப்பளித்தார். பத்து நிமிஷத்துக்கு முன் அப்பெயர் அவருடைய மஞ்சள் பட்டியலில் இல்லை.

இதனால் இச்சாஸ்திரம் பொய் என்று பூர்வபட்சம் செய்வோர்க்கு விடை கூற வேண்டியிருக்கிறது. கணிப்பு தவறுவது ரசிகருக்கு மட்டும் நேர்வதா? சான் மடேயோவில் பிறந்து 49அர்ஸைக் கும்பிட்டு வளர்ந்த டாம் பிரேடி, 2000ஆம் ஆண்டில் 199ஆம் இடம்வரை எவரும் சீந்தாமல் கிடந்தார். அவருடைய அபிமான அணியே மூன்றாம் சுற்றில் ஜியோவானி கார்மாஸி என்பவரை எடுத்துக்கொண்டு நகர்ந்தது. பிரேடி பின்னர் ஏழு சூப்பர் பௌல் வென்றார்; கார்மாஸி பருவ ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் நிபுணரின் நிலை இதுவானால், சம்பளமே வாங்காதவரைக் குறை கூறுவது அநியாயம். மேலும், ரசிகர் சொல்வது அணி என்ன செய்யும் என்பதையன்று. புத்தியுள்ள அணி என்ன செய்ய வேண்டும் என்பதை. ஆகவே அட்டவணையும் நடப்பும் வேறுபடும் இடத்தில் தவறியது நடப்பே. போன வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்து மழை சொன்னபடி பெய்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. போன வருஷ அட்டவணையையும் எவரும் பார்ப்பதில்லை.

இறுதியாக வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஏப்ரலில், டிராஃப்ட் தொடங்குமுன் தம் கணிப்பை மையில் எழுதிக் கையொப்பமிட்டு வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்து, மூன்றாண்டு கழித்து அதை வாங்கிப் படித்துப் பார்த்த ரசிகர் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், உடனே எனக்கு எழுதுங்கள். இவ்வியாசத்தின் அடுத்த பதிப்பில் அவருக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கச் சித்தமாக இருக்கிறேன்.