மூங்கிலுக்கும் பொடுகு வரும்

1994-ல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூட்டிக்கொண்ட கையோடு, கும்பகோணத்தில் தெருவுக்குத் தெரு பியூட்டி பார்லர் முளைத்தது. அதில் ஒன்று எங்கள் வீட்டு முன்னறையில். முதலாளி என் மனைவி. நான் ஆணி அடிப்பவன், கரன்ட் பில் கட்டுபவன். ‘ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று நானே எழுதி நானே மாட்டிய பலகைக்கு வெளியில்தான் என் உத்தியோகம். ஆகவே இதில் வரும் சங்கதிகளில் பாதி கடை மூடியபின் கண்ணால் கண்டது. மீதி, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் காதில் விழுந்தது.

அறை 10-க்கு 12 அடி. அந்தக் காலத்தில் பார்லர் என்றால் சுவரில் சீனரி ஒட்டியே தீரவேண்டும். எங்களுடையது ஒரு முழுச் சுவர் அகலம்: நீல ஏரி, பின்னால் பனிமலை, கரையில் ஊசியிலை மரங்கள். சுவிட்சர்லாந்து என்று கடைக்காரர் சொன்னார். வருகிறவர்களிடம் நாங்களும் அதையே சொன்னோம். அக்னி நட்சத்திரத்தில், ஒற்றை டேபிள் ஃபேனுக்கு முன்னால் வியர்த்து வழிந்தபடி, பனிமலையைப் பார்த்துக்கொண்டே பெண்கள் 10 ரூபாய்க்குப் புருவம் திருத்திக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்தது. ஏரி உப்பியது. கார்த்திகை பிறப்பதற்குள் சுவிட்சர்லாந்தின் ஒரு மூலை உரிந்து, உள்ளிருந்து எங்கள் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு எட்டிப் பார்த்தது.

நிஜமான இயற்கை கொல்லையில் இருந்தது: கிணறு, மருதாணி, செம்பருத்தி, ஒரு முருங்கை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அதில் எதுவும் முன்னறைக்குள் தலைகாட்டிவிடக் கூடாது என்பதுதான் என் மனைவியின் தினசரிப் போராட்டம். பல்லிக்கு ஒரு வைத்தியம், எறும்புக்கு ஒரு பொடி, கம்பளிப்பூச்சிக்குத் துடைப்பம். ஒரு சித்திரையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தேன். அறை குளுகுளுவென்று இருந்தது. “பாட்டி வீடு மாதிரி வாசனை வருதே” என்று ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்ததில் அன்று மாலையே தட்டி இறங்கியது.

தலைக்குப் போடுவது என்னவோ செம்பருத்தி இலைதான். கொல்லையில் பறித்து, கொல்லையிலேயே அம்மியில் அரைத்து, காலியான ஃபாரின் க்ரீம் டப்பாவில் வழித்து எடுத்து வருவாள். அம்மி சத்தம் கேட்காமலிருக்க ரேடியோ போட்டுவிடுவது என் பொறுப்பு.

அப்புறம் ஏ.சி. வந்தது, ஜன்னல் மூடியது. மருதாணியும் செம்பருத்தியும் இருந்த இடத்தில் கார் ஷெட் வந்தது. இதையெல்லாம் சீக்கிரம் தாண்டிவிடலாம். எல்லார் வீட்டிலும் நடந்ததுதான்.

சில வருஷங்களுக்கு முன் தொழிலைக் கையிலெடுத்த மகள், “கடைக்குள்ள நேச்சரைக் கொண்டு வரணும்ப்பா” என்றாள். கொண்டு வருவதற்கு ஒரு டிசைனர் தம்பி வந்தார். லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் காட்டினார். எங்கள் முன்னறை ஒரு காட்டுக்குள் இருந்தது. இடப்பக்கமிருந்து காலை வெயில் சரிந்து விழுந்தது. இடப்பக்கம் இருப்பது அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவர் என்பதை நான் சொல்லவில்லை. படத்திலாவது வெயில் வரட்டுமே.

ஒரு சுவர் முழுக்கச் செயற்கைப் புல், சதுர அடிக் கணக்கில். தரையில் மரம்போல் தோன்றும் வினைல். கை கழுவும் தொட்டியைச் சுற்றிக் கூழாங்கல். கிணற்றடியில் நாங்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒழித்த பாசிகூடப் பட்டியலில் இருந்தது. பாசி என்று விற்கப்படும் அந்தச் சரக்கில் பெரும்பகுதி வட ஐரோப்பாவில் விளையும் ஒருவகைக் கற்பாசி. பதப்படுத்திச் சாயம் ஏற்றி அனுப்புகிறார்கள். விலையைக் கேட்டதும் மனைவி அந்த வரியை அடித்துவிட்டாள்.

தம்பி வெறும் அழகு பேசவில்லை, ஆராய்ச்சியும் பேசினார். செடியைப் பார்த்தாலே உடம்பு தேறுமாம். பிறகு நானும் தேடிப் படித்தேன். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் போலச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். ரோஜர் உல்ரிச் 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அருமையான ஆராய்ச்சிதான். அதில் இருந்தது ஜன்னல். எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன்மேல்தான் ப்ளைவுட் அடித்துப் புல்லை ஒட்டியிருந்தார்கள்.

மூலைக்கு ஒரு தொட்டிச்செடி வைத்ததற்கும் காரணம் சொன்னார்: நாசாவே சோதித்ததாம், காற்றைச் சுத்தப்படுத்துமாம். 1989-ல் நாசா சோதித்தது மூடிய பெட்டிகளுக்குள். அதையும் பின்னால் வந்த சோதனைகளையும் 2019-ல் இரண்டு பேர் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால், சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று கணக்கு வந்தது, அதிகபட்சம் 1000. எங்கள் முன்னறை 11 சதுர மீட்டர். 110 தொட்டி வைத்தால் வாடிக்கையாளரை வாசலில்தான் உட்கார்த்த வேண்டும். முடியை நேராக்கும் மருந்தின் நெடி கண்ணைக் கரித்த அன்று மனைவி செடியை நம்பவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிவரச் சொன்னாள். மாட்டியது நான்.

புல் சுவரின் இன்னொரு குணம் முகூர்த்த மாதத்தில் தெரிந்தது. கண்ணாடிக்கு நேரெதிரே அத்தனை பச்சை இருந்தால் அதில் பட்ட வெளிச்சம் முகத்துக்கும் பச்சையைப் பூசும். கல்யாணப் பெண்ணுக்கு ஃபவுண்டேஷன் நிறம் பார்த்த மனைவி, “இதென்ன, மஞ்சக்காமாலை கண்ட மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்து, பெண்ணை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பூசினாள். அன்று முதல் ஹேர் கலர் போட்டவர்களும் வாசலில் வந்து நின்றே நிறம் பார்க்கிறார்கள். நான் பேப்பரோடு கொல்லைப்பக்கம் குடியேறிவிட்டேன்.

சுவரிலும் தரையிலும் போலி என்றாலும், கூரைக்கு மட்டும் உண்மையான மூங்கில் வந்தது. அதுதான் மானத்தை வாங்கியது. மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப்போடுவது எங்கள் தாத்தா வழக்கம். மாவுச்சத்து தண்ணீரில் இறங்கிவிட்டால் வண்டுக்குச் சாப்பாடு இருக்காது. இப்போது போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊறவைக்கிறார்கள். எங்களுக்கு வந்த மூங்கில் இரண்டையும் பார்க்காதது. சில மாதங்களில் உளுக்க ஆரம்பித்து, வெள்ளைப் பொடியாகக் கீழே கொட்டியது. கீழே ஹேர் ஸ்பாவுக்குக் கண்மூடிப் படுத்திருந்தார் ஒரு பேங்க் மேடம். புதிதாக வேலைக்கு வந்த பெண் அவர் தலையைப் பார்த்துவிட்டு, “மேடம், பொடுகு ரொம்ப இருக்கு. அதுக்குத் தனி ட்ரீட்மென்ட் பண்ணிடலாமா?” என்றாள். பண்ணிக்கொண்டார். திருப்தியாகவும் போனார். மறுவாரமும் வந்தார், பொடுகு மறுபடி வந்துவிட்டதாம்.

அதற்குமேல் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. மூங்கிலை இறக்கி, மேடத்துக்கு ஒரு முறை இலவசமாகச் செய்துவிட்டாள். புல்லை மட்டும் யாராலும் அசைக்க முடியாது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கவே கூட்டம் வருகிறது, வியாபாரம் கூடியிருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஜன்னல் அளவுக்கு அதில் ஒரு சதுரம் அறுத்துவிடலாமா என்று கேட்டேன். “போட்டோவுல கம்பி தெரியும்ப்பா” என்றாள் மகள்.

இப்போது விலைப்பட்டியலில் ‘வில்லேஜ் செம்பருத்தி ஹேர் பேக்’ என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி டப்பாவில் வரும் க்ரீம்தான். அதைத் தேங்காய்ச் சிரட்டையில் மாற்றி, மேலே ஒரு பூவை வைத்துக் கொண்டுபோகிறார்கள். பின்னணிக்கு ஸ்பீக்கரில் குயில். பூவுக்கு எதிர்வீட்டு மாமியின் செடிதான் கதி. கேட்டைத் திறந்து பறிக்கப் போன வேலைக்காரப் பெண்ணை மாமி ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

“சிரட்டை ஒண்ணுக்கு என்னடி வாங்கறா?”

“900 ரூபா மாமி.”

மறுநாள் காலை மாமியே கூடை நிறையச் செம்பருத்தியோடு வந்து, ஏ.சி.க்கு நேர் கீழே போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “பூ கணக்கை மாசக் கடைசில பார்த்துக்கலாம். இப்போ இந்தப் புருவத்தைக் கொஞ்சம் சரிபண்ணச் சொல்லு.”