பிளந்த மனமும் பிசகிய சுருதியும்

1908-இல் ஸ்விஸ் டாக்டர் பிளாய்லர் பிளவுக்கும் மனத்துக்குமான கிரேக்கச் சொற்களை ஒட்டி ஒரு மனநோயை ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்றார். அவர் சொன்னது, நினைப்பும் உணர்ச்சியும் ஒட்டாமல் போவதை. ஊர் புரிந்துகொண்டதோ, ஒரே உடம்பில் இரண்டு ஆள்! (அது வேறு நோய். சினிமாக்காரர்களிடம் சொல்லிப் பயனில்லை.)

ஜப்பான்காரர்கள் அட்சரம் பிசகாமல் ‘மனம் பிளந்த நோய்’ என்று பெயர்த்தார்கள். அதை நோயாளியிடம் சொல்லவே பல டாக்டர்களுக்கு நா எழவில்லை. 2002-இல் ‘ஒருங்கிணைப்புக் குலைவு’ என்று மாற்றினார்கள். தென்கொரியர்கள் இன்னும் பெரிய ரசிகர்கள். தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிற சொல்லையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். முறுக்காணியைத் திருகினால் சரியாகலாம் என்ற நப்பாசையாவது அதில் இருக்கிறது.

நாம் வைத்திருப்பது ‘மனச்சிதைவு’. ‘சிதை’ என்றதும் நம்மவருக்கு முதலில் தெரிவது சுடுகாட்டு விறகு. கிரேக்கன் பிளந்ததோடு விட்டான். நாம் அடுக்கியும் வைத்துவிட்டோம்.