சாரதி யார்?

லண்டனில் இருக்கும் எங்கள் சனத்தைப் பார்க்கிங் கடிதம் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று 'கட்டிப்போடு' கட்சி. ஜன்னல் வைத்த கடித உறையைக் கண்டாலே இவர்களுக்குக் கை நடுங்கும். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் உள்துறை அமைச்சின் கடிதங்கள் பழக்கிவிட்ட நடுக்கம். கடவுச்சீட்டின் நிறம் மாறியும் அது போகவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முன்னமே வங்கி அட்டையை எடுத்துவிடுவார்கள். மற்றது 'கிழிச்சுப்போடு' கட்சி. இவர்கள் உறையை உடைப்பதே இல்லை. "மச்சான், அது தனியார் கம்பனி. அவனால ஒண்டும் செய்யேலாது" என்று கலியாண வீட்டுப் பந்தியில் மோர்மிளகாயைக் கடித்தபடி தீர்ப்புச் சொல்வார்கள்.

இரண்டு கட்சியிலும் எனக்கு நெருங்கிய உறவினர் உண்டு. ஒரு கட்சி பயத்தில் கடிதத்தை வாசிப்பதில்லை. மற்றது வீரத்தில் வாசிப்பதில்லை. இந்த நாட்டுப் பார்க்கிங் கம்பனிகளுக்கு இரண்டு பேருமே நல்ல வாடிக்கையாளர்கள்.

கிழிச்சுப்போடு கட்சிக்காரர் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அது காலாவதியான உண்மை. 2012 ஒக்டோபர் 1 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் கார் பார்க்கில் நேரம் பிந்தி நின்றதற்கு, காரை ஓட்டி வந்தவரிடம் மட்டுந்தான் கம்பனி காசு கேட்கலாம். ஓட்டி வந்தவர் யார் என்று கம்பனிக்கு எப்படித் தெரியும்? கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாயைத் திறக்காவிட்டால் கதை முடிந்தது. அதனால் கம்பனிகள் சக்கரத்துக்கு இரும்புப் பூட்டுப் போடுவதை அதிகம் விரும்பின. சக்கரம் வாக்குமூலம் கொடுக்கத் தேவையில்லை. பிறகு 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தனியார் நிலத்தில் பூட்டுப் போடுவதைக் குற்றமாக்கியது. பதிலுக்கு அதே சட்டத்தின் 4ஆவது அட்டவணையில், ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் காரின் கீப்பரிடமே, அதாவது பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமே, சில நிபந்தனைகளோடு கேட்கலாம் என்று கம்பனிகளுக்கு எழுதிக் கொடுத்தது. 'சில நிபந்தனைகளோடு' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

கட்சியின் இரண்டாவது கொள்கை, 'இது தண்டம், தனியார் தண்டம் போட ஏலாது, கோட்டில நிக்காது' என்பது. இதையும் ஒருவர் உண்மையிலேயே பரீட்சித்துப் பார்த்தார். பாரி பீவிஸ் என்று ஒரு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்காரர். 2013 ஏப்ரலில் செல்ம்ஸ்போர்ட் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றில், இரண்டு மணி நேரம் இலவசம் என்ற இடத்தில், 56 நிமிடம் கூட நின்றுவிட்டார். பார்க்கிங்ஐ கம்பனி 85 பவுண்ஸ் கேட்டது. மனிதர் கட்டவில்லை. கீழ்க் கோட்டில் தோற்று, மேன்முறையீட்டில் தோற்று, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2015 நவம்பரில் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு பேர் அவருக்கு எதிர். இடம் சுழன்று எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பதில் கம்பனிக்கு நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண்ஸ் அதற்கு மிஞ்சிய தொகை இல்லை, அறிவித்தல் பலகைகளும் பெரிதாகத்தான் இருந்தன என்று முடித்தார்கள். அந்த வழக்கில் எனக்குப் பிடித்த விவரம் வேறு. அந்தக் கார் பார்க்கை நடத்துவதற்குக் கம்பனி நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. நிறுத்துவதோ இலவசம். அதாவது எல்லாரும் ஒழுங்காக நேரத்துக்குப் புறப்பட்டுப் போனால் கம்பனி பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

என் மச்சான் ஒருவருக்கு பீவிஸைத் தெரியாது. முதல் கடிதம் 100 பவுண்ஸ், 14 நாளுக்குள் கட்டினால் 60. கிழித்தார். பிறகு கடன் வசூலிக்கும் நிறுவனம் ஒன்று 70 பவுண்ஸ் கூட்டி, சிவப்பு எழுத்தில் 170 என்று எழுதியது. அதையும் கிழித்தார். இந்தச் சிவப்பு எழுத்துக்காரருக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு அதிகாரம் கிடையாது, வீட்டுக்குள் காலெடுத்து வைக்கேலாது என்பது உண்மை. அதுவரைக்கும் மச்சானின் வீரத்தில் பிழையில்லை. அடுத்ததாக நோர்தம்ப்டன் முகவரியோடு வந்தது அசல் கோட்டின் கோரிக்கைப் படிவம். 14 நாளுக்குள் 'கிடைத்தது, எதிர்க்கிறேன்' என்றாவது பதில் போட்டிருக்கவேண்டும். நிறம் சிவப்பாக இல்லாததால் மச்சான் அதை மதிக்கவில்லை. அவர் இல்லாமலே தீர்ப்பானது. ஒரு மாதத்துக்குள் முழுக்கக் கட்டினால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும், இல்லாவிட்டால் ஆறு வருடம் இருக்கும் என்று வீட்டுக்கடன் முகவர் சொன்ன அன்றைக்குத்தான் மச்சான் முதல் முறையாக ஒரு கடிதத்தை முழுக்க வாசித்தார்.

இனி என் வீட்டுக் கதை. வடமேற்கு லண்டனில், எங்கள் மரக்கறிக் கடையும் நகைக்கடையும் சேலைக்கடையும் வரிசையாக இருக்கும் தெரு ஒன்றின் பின்பக்கத்துக் கார் பார்க். 90 நிமிடம் இலவசம். ஒரு சனிக்கிழமை, சாமத்தியவீடு ஒன்றுக்குச் சேலை எடுக்க மாமியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கார் அங்கே போனது. ஓட்டியவர் ஒருவர். அவர் யார் என்பதை இந்தக் கட்டுரையிலும் சொல்லப்போவதில்லை. இந்த நாட்டில் இப்படியான வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது, பத்திரிகை வாசிக்கும் கம்பனிகளும் இருக்கலாம்.

சேலைக்கடைக்குள் 90 நிமிடம் என்பது, முதல் பத்துச் சேலையை விரித்துப் பார்த்து 'இதுகள் வேண்டாம்' என்று சொல்வதற்கான நேரம். அதோடு, கமரா எண்ணுவது கார் நின்ற நேரத்தை அல்ல. வாசலில் நுழைந்ததையும் வெளியேறியதையும் படம் பிடித்து நடுவில் உள்ளதைக் கழித்துப் பார்க்கும். சனிக்கிழமை இடம் தேடிச் சுற்றிய நேரம், மாமியின் பைகளை ஏற்றிய நேரம், வெளியே போக வரிசையில் காத்துக்கிடந்த நேரம் எல்லாம் 'நிறுத்தியிருந்த' கணக்கில்தான் சேரும். முடிவில், இலவச நேரம் முடிந்தபின் கொடுக்கவேண்டிய பத்து நிமிடச் சலுகையையும் தாண்டித்தான் கார் வெளியே வந்தது. அதை மறுக்கவில்லை.

கடிதம் என் பெயருக்கு வந்தது, ஏனென்றால் பதிவேட்டில் நான். 2.50 பவுண்ஸ் கட்டினால், வாகனப் பதிவேட்டை வைத்திருக்கும் டி.வி.எல்.ஏ. கீப்பரின் பெயரையும் விலாசத்தையும் கம்பனிக்குக் கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு கோடி தடவைக்கும் மேலே இப்படி வாங்குகிறார்கள். அந்த 2.50க்கு இங்கே இரண்டு மிதிவெடி ரோல்ஸ் வாங்குவதே கஷ்டம். நான் குடியிருக்கும் இடம் அவ்வளவு மலிவு.

கடிதத்தில் இரண்டு படம். எங்கள் காரின் முகமும் முதுகும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கடவுளுக்கும் தெரியாத இருட்டு. கீழே கம்பனி மிகப் பணிவாகக் கேட்டிருந்தது: கட்டுங்கள், அல்லது சாரதியின் பெயரையும் விலாசத்தையும் தாருங்கள்.

எங்கள் வீட்டுக் காரை இன்சூரன்ஸ்படி நாலு பேர் ஓட்டலாம்: நான், மனைவி, மகன், அக்காவின் புருசனான அத்தான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நடந்தது உள்நாட்டு விசாரணை. மகன் தான் நூலகத்தில் இருந்ததாகச் சொன்னான். அவன் நூலகத்துக்குப் போனான் என்பதை நம்புவதைவிட, கார் தானாகப் போனது என்று நம்புவது சுலபம். மனைவி, "உங்கட பேருக்குத்தானே வந்திருக்கு" என்ற ஒரே வசனத்தோடு கோப்பையைக் கழுவப் போனாள். நேரில் கண்ட ஒரே சாட்சியான மாமி, தான் கண்ணை மூடிக்கொண்டு சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சாதித்தா.

அத்தான் மட்டும் உதவிக்கு வந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் கச்சேரியில் எழுதுவினைஞர். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மறுநாளே மேன்முறையீட்டை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். மாமியின் முழங்கால் நோ, சேலைக்கடையில் சனக்கூட்டம், திடீர் மழை, இந்த நாட்டுச் சட்டத்தின் மேல் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மதிப்பு எல்லாம் அதில் இருந்தன. வாசித்தால் கல்லும் கரையும். கம்பனி கல் இல்லை என்பதுதான் சிக்கல்.

"அத்தான், 'நான் காரை நிறுத்திவிட்டு' எண்டு எழுதியிருக்கிறியள். இந்த 'நான்' வேண்டாம்."

"உன்ர பேரில போற கடிதம்தானே? 'நான்' எண்டுதான் வரும்."

"கீப்பர் நான். நிறுத்தினது நான் எண்டு சொன்னால் கதை முடிஞ்சுது. அவங்களுக்குச் சாரதியைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி."

"அப்ப பொய் எழுதச் சொல்லுறியோ தம்பி?"

"பொய் இல்லை அத்தான். ஒண்டும் எழுதாமல் விடுறது."

அத்தானுக்கு இது ஒழுக்கக்கேடாகவே பட்டது. ஆனால் முழுச் சூட்சுமமும் அங்கேதான். கமரா மட்டும் வைத்துப் பிடித்த காருக்குக் கீப்பரைப் பொறுப்பாக்க வேண்டுமானால், கார் வெளியேறிய மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அறிவித்தல் கீப்பரின் கைக்கு வந்து சேரவேண்டும். தபாலில் போட்டால் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகக் கணக்கு. எனக்கு வந்த கடிதத்தின் தலையில் அச்சடித்திருந்த திகதியே அந்த 14 நாளைத் தாண்டியிருந்தது. பிந்தி வெளியேறியதற்குக் காசு கேட்டவர்கள் கடிதத்தைப் பிந்தி அனுப்பியிருந்தார்கள். இனி அவர்கள் சாரதியிடம் மட்டுந்தான் கேட்கலாம். சாரதி யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்ற சட்டக் கடமையும் எனக்கு இல்லை. அத்தானின் உருக்கமான இரண்டு பக்கம் போயிருந்தால், அவர்களே கைநழுவ விட்டதை முழங்கால் நோவோடு சேர்த்துத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்திருப்போம்.

எங்கள் சனம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். காரணம் சொன்னால் இரங்குவார்கள் என்று நம்பி, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவிடுவோம்.

நான் அனுப்பியது நாலு வரி. நான் கீப்பர். சாரதியை அடையாளம் காட்டப்போவதில்லை. உங்கள் அறிவித்தல் 4ஆவது அட்டவணையின் கெடுவுக்குள் வரவில்லை. கட்டணத்தை ரத்துச் செய்யுங்கள், அல்லது பொப்லா இலக்கத்தைத் தாருங்கள். அத்தான் வாசித்துவிட்டு, "மரியாதை காணாது" என்றார்.

கம்பனி எதிர்பார்த்தபடியே நிராகரித்தது. நாலு வரிக்கு நாலு பக்கப் பதில், அதில் திகதியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. சாரதியின் பெயரைத் தந்து உதவும்படி மறுபடியும் கேட்டிருந்தார்கள். பொப்லா என்பது பிரித்தானிய பார்க்கிங் சங்கத்தில் சேர்ந்த கம்பனிகளின் கட்டணங்களை விசாரிக்கும் மேன்முறையீட்டுச் சேவை. எங்களுக்கு இலவசம், செலவு கம்பனிகளுடையது. வென்றால் கம்பனி கட்டுப்படவேண்டும், தோற்றால் நாங்கள் கட்டுப்படத் தேவையில்லை. ஆனால் 60 பவுண்ஸ் சலுகை போய்விடும். மனைவி இந்தக் கடைசி வசனத்தை மட்டும் கேட்டாள். 40 பவுண்ஸுக்கு என்னவெல்லாம் வாங்கலாம் என்ற பட்டியல் சில நாள் வீட்டில் ஓடியது.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 2019இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன்படி அரசாங்கத்தின் நடைமுறைக் கோவை 2022 பெப்ரவரியில் வெளிவந்தது, பெரும்பாலான கட்டணங்களுக்கு 50 பவுண்ஸ்தான் உச்சம் என்று. கம்பனிகள் வழக்குக்குப் போக, யூன் மாதமே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். உள்ளே வந்து வெளியேறிய நேரம் நாலு மாதம். கமரா பிடித்திருந்தால் நல்ல தொகை வந்திருக்கும்.

பொப்லாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்த எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. கம்பனி இந்த மேன்முறையீட்டை எதிர்க்கவில்லை, கட்டணம் ரத்து. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. அத்தான், தன் கடிதத்தை அனுப்பியிருந்தால் இன்னும் கெதியாய் முடிந்திருக்கும் என்றார்.

செய்தியை மாமி கோயிலில் பரப்பினா. இரண்டு தேருக்கிடையில் நான் சட்ட நிபுணன் ஆனேன். பிரசாத வரிசையில் முன்னும் பின்னும் இருந்து கடிதங்களை நீட்டினார்கள். அநேகமாகக் கவுன்சில் கடிதங்கள். அது வேறு சட்டம், வேறு மேன்முறையீடு, சும்மா இருந்தால் கடைசியில் பெய்லிஃப் வாசலுக்கே வரலாம் என்று சொன்னால், "அப்ப உங்களுக்கும் தெரியாதோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

போன மாதம் ஒருவர் வாகன நிறுத்துமிடத்திலிருந்தே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, பெரிய நன்றி. உங்கட கடிதத்தை மாமியிட்டை வாங்கி அப்பிடியே எழுதி அனுப்பிட்டன். நான் கீப்பர், சாரதியைச் சொல்ல எனக்குக் கடமை இல்லை எண்டு."

"நல்லது. எந்தக் கம்பனி?"

"கம்பனி இல்லையண்ணை, பொலிஸ். எம்40இல ஸ்பீட் கமரா."

பொலிஸ் கேட்டால் சாரதியைச் சொல்லியே ஆகவேண்டும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, சொல்லாவிட்டால் ஆறு புள்ளியும் 1,000 பவுண்ஸ் வரை தண்டமும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடிதத்தைப் போட்டாச்சா என்று கேட்டேன்.

"நேற்றே பதிவுத் தபாலில போட்டிட்டன். யோசிக்காதேங்கோ அண்ணை, கீழ உங்கட பேரையும் விலாசத்தையும் போட்டிருக்கிறன், சட்ட ஆலோசகர் எண்டு."