4.5 கிகாஹெர்ட்ஸும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

எங்கள் வீடு பொழிச்சலூரில். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் எங்களுக்கும் நடுவில் சில தெருக்கள்தான். மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் என் மனைவி, தலைக்கு மேல் போவது எந்தக் கம்பெனி விமானம் என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவாள். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் அதே மீனம்பாக்கத்தில் விமானம் இறக்கிப் பழகுகிறான் என்றால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? அதைத்தான் நினைத்தார்கள்.

நான் சொல்வது 2012 கோடை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வெளிவந்தது 2006 அக்டோபரில். அது சுகமாக ஓடுகிற கம்ப்யூட்டருக்காக ஐந்து வருஷம் காத்திருந்து, சீட்டு எடுத்து, இன்டெல் ஐ5-2500கே பிராசசர் போட்ட ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தேன். நடு வானத்தில் பிரச்சினை இல்லை. ஊர் நெருங்கி, கட்டடங்களும் மரங்களும் மேகமும் சேர்ந்துகொண்டால் மட்டும் விமானம் நொண்டும். ஷிஃப்ட்டையும் இசட்டையும் சேர்த்து இரண்டு மூன்று தடவை அழுத்தினால், திரையின் இடது மேல் மூலையில் விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். எனக்குக் காட்டியது 17. ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கிய 1931-லேயே பேசும் படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடியது. 81 வருஷம் கழித்து என் போயிங் அதைவிடப் பின்தங்கியிருந்தது.

குறை சிமுலேட்டரில் இல்லை, காலத்தில். பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதியான கோர் ஒன்றையே மேலும் மேலும் வேகமாக்குவதுதான் ஒருகாலத்தில் வழக்கம். பென்டியம் 4 அப்படியே 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. 4-ஐத் தொட வேண்டிய பென்டியத்தை 2004-ல் இன்டெல் கைவிட்டது. இனிமேல் சூடு தாங்காது என்று ஆனபிறகு, இரண்டு கோர், நாலு கோர் என்று பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிமுலேட்டரோ பழைய பழக்கத்தில் வளர்ந்தது. 2007-ல் வந்த திருத்தத்தில் தரைக் காட்சிகளை ஏற்றும் வேலை மற்ற கோர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது; மற்றபடி பெரும் சுமை ஒரே கோரின் தலையில்தான். வீட்டில் நாலு பிள்ளைகள், சம்பாதிப்பது மூத்தவன் ஒருவன். குடும்பம் நன்றாக நடக்க வேண்டுமானால் அந்த மூத்தவனை இன்னும் விரட்ட வேண்டும். அந்த விரட்டலுக்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங்.

கணக்கு எளிது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை 33-ஆல் பெருக்கினால் 3.3 கிகாஹெர்ட்ஸ், கம்பெனி கொடுத்தது அது. 45-ஆல் பெருக்கினால் 4.5, நான் எடுத்துக்கொள்ள நினைத்தது அது. பிராசசரின் பெயர் கடைசியில் உள்ள ‘கே’ என்ற எழுத்துக்கு, இந்தப் பெருக்கல் எண்ணைப் பூட்டி வைக்கவில்லை என்று அர்த்தம். திறந்து கிடக்கிற வீட்டில் நுழையாமல் இருக்க நான் என்ன சித்தரா?

வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதையெல்லாம் மாற்றுகிற பயோஸ் திரையில் வோல்டேஜ் எண்ணைப் பார்த்துக் கை நடுங்க உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்தார். மின்துறையில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர்.

“என்னடா, வேர்த்துக் கொட்டுது?”

“வோல்டேஜ் ஏத்தப்போறேம்ப்பா. கொஞ்சம் தப்பினாலும் பிராசசர் போயிடும்.”

“எத்தனை வோல்ட்டு?”

“இப்ப 1.2. அதை 1.32 ஆக்கணும்.”

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “11 கேவி கம்பத்துல ஏறினவன் பெத்த புள்ளடா நீ. டார்ச் லைட் பேட்டரியே ஒண்ணரை வோல்ட்டு.”

மானம் போய்விட்டது. மீட்க வேண்டி ஒரு காகிதத்தை எடுத்தேன். “அப்பா, இது 95 வாட். வோல்டேஜ் 1.2. ஆம்பியர் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க.”

வகுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வகுத்தார். “எண்பதா? நம்ம வீட்டு மெயின் ஃபியூஸே 30 ஆம்பியர்தாண்டா!”

“வேகத்தைக் கூட்டினா நூறைத் தாண்டும்ப்பா.”

கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கானுக்குள் நூறு ஆம்பியர் பாய்கிறது என்றதும் அவருக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. என் மேல் வரவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருவார்.

அவர் பயந்ததும் நியாயம்தான். வேகம் கூடினால் சூடு அதே அளவுக்குக் கூடும்; வோல்டேஜ் கூடினாலோ அதன் வர்க்கத்துக்குக் கூடும். 3.3-ஐ 4.5 ஆக்கினால் வேகம் 36 சதவீதம் கூடுதல். கூடவே வோல்டேஜில் 10 சதவீதம் ஏற்றினால் வாட்டேஜ் சுமார் 65 சதவீதம் எகிறும். சம்பளம் 36 சதவீதம் உயர்ந்து வீட்டு வாடகை 65 சதவீதம் உயர்வது போல. பெட்டியோடு வந்த குட்டி ஃபேன் இதைத் தாங்காது. 2,000 ரூபாய்க்குத் தனியாக ஒரு கூலர் வாங்கினேன்.

கூலரை மாட்டுமுன் பிராசசர் மேல் தெர்மல் பேஸ்ட் வைக்க வேண்டும். எவ்வளவு என்றால் உலகம் முழுக்க ஒரே பதில்: பட்டாணி அளவு. எந்தப் பட்டாணி என்று எவரும் சொல்லவில்லை. சமையலறையில் கேட்டேன். மனைவி உரித்த பச்சைப் பட்டாணி ஒன்றும், சுண்டலுக்கு வைத்திருந்த காய்ந்த பட்டாணி ஒன்றும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டுக்கும் உருவத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம். “ஊறவெச்சதும் வேணுமாங்க?” என்றாள். பெருந்தன்மையாகப் பச்சைப் பட்டாணியைத் தேர்ந்தெடுத்தேன். கூலரை வைத்து அழுத்தியதும் நாலு பக்கமும் சாம்பல் நிறத்தில் பிதுங்கி வழிந்தது. பழைய பனியனால் துடைத்துவிட்டு, காய்ந்த பட்டாணியின் வழிக்கு வந்தேன்.

அடுத்தது கேபினெட் கதவு. கூலரின் உயரத்துக்கு அது மூடவே இல்லை. திறந்தே வைத்து, எதிரில் தையல் மிஷின் பக்கத்திலிருந்த டேபிள் ஃபேனை வைத்தேன். அது அக்னி நட்சத்திர நேரம். வெளிநாட்டில் இந்தக் கூலர்களைச் சோதிக்கிறவர்கள் 22 டிகிரி குளிர்ந்த அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். என் அறை 38. கூலர் என்பது அறைக் காற்றிடம் சூட்டைத் தள்ளிவிடும் சாதனம். அறையே கொதித்தால் அந்த 16 டிகிரி வித்தியாசம் அப்படியே பிராசசர் தலையில் ஏறி உட்காரும். அவர்களுக்கு 62 காட்டியது எனக்கு 78 காட்டியது. ஏசி போட்டால் தீரும். அந்தக் காசு இருந்தால் நிஜ விமானத்தில் மதுரைக்கே போய்வந்திருப்பேன்.

பிறகு சோதனை. பிரைம்95 என்றொரு மென்பொருள். மெர்சென் என்ற 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவியின் பெயரால் வழங்கும் ராட்சதப் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. அப்போது கையிலிருந்த மிகப் பெரியது 2008-ல் கிடைத்தது. எழுதினால் 1,29,78,189 இலக்கம் வரும். அதற்குள் ‘சித்திரவதைச் சோதனை’ என்றே ஒரு பகுதி உண்டு. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, பிராசசர் சரியாகச் சொல்கிறதா என்று மணிக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கும். கண்டிப்பான கணக்கு வாத்தியார். அரைமணி நேரத்தில் என் பிராசசருக்கு முதல் குட்டு விழுந்தது: ‘0.4-க்குக் குறைவாக எதிர்பார்த்தேன், 0.5 வந்திருக்கிறது.’ வோல்டேஜைத் துளி ஏற்றினேன். இரண்டாம் முறை இரண்டு மணி நேரம் தாங்கியது. மூன்றாம் முறை இரவெல்லாம் ஓடித் தேறியது. நானும் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பார்ப்பது போல டிகிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேறியவனை விட்டுவிட வேண்டியதுதானே? பேராசை. 48 போட்டுப் பார்த்தேன். நீலத் திரை வந்தது, 124 என்ற எண்ணோடு. வோல்டேஜ் போதவில்லை என்று பெரும்பாலும் அதற்குப் பொருள். கொடுத்தேன். அதன்பிறகு எந்தத் திரையும் வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, உயிர் மட்டும் இல்லை. வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா செருப்போடு உள்ளே போனார். திறந்து கிடந்த கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, “இந்த வட்டமா இருக்கிறது என்னடா?” என்றார். ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி. பயோஸ் கணக்குகளை ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் தயவில்தான். “முதல்ல சப்ளையை எடு. அப்புறம் இதைக் கழட்டு. அஞ்சு நிமிஷம் சும்மா இரு.” அவர் வாழ்நாள் முழுக்க எல்லாப் பழுதுக்கும் செய்த வைத்தியம் இதுதான். பலித்தது. எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பிறந்த குழந்தை மாதிரி 33-ல் எழுந்தது கம்ப்யூட்டர்.

ஒழுங்காக 45-க்கே திரும்பினேன். சிமுலேட்டரைத் திறந்தேன். மீனம்பாக்கம், போயிங் 737, மாலை நேரம், மேகம். மூலையில் பார்த்தேன்: 22.

“எத்தனை கூடியிருக்கு?” என்றார் அப்பா.

“அஞ்சுப்பா.”

“2,000 ரூபாய்க்கு அஞ்சு. அப்ப ஒண்ணு 400 ரூபாய்” என்று சொல்லிவிட்டு நடக்கப் போனார். 1931-ஐ இன்னும் எட்டவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

உண்மையான வியாதி அதன்பிறகுதான் பிடித்தது. விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டு மூலையை ஓட்டத் தொடங்கினேன். 22 வந்தால் மகிழ்ச்சி, 21 என்றால் கவலை, 19 என்றால் வீட்டில் யாருடனும் பேச்சு கிடையாது. ஒருநாள் ஓடுபாதைக்கு நேராக இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூலையைப் பார்த்தேன். 22, 21, 22, 22... போயிங் ஓடுபாதைக்கு அரைக் கிலோமீட்டர் முன்பாகவே தரையைத் தொட்டுவிட்டது. ஒரு பயணிகூட மிஞ்சவில்லை. நான் முதலில் பார்த்தது டிகிரியை. 78. பரவாயில்லை என்று பெருமூச்சு விட்டேன்.

பின்னால் நின்றிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தன் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த மூலையில், சரியாக எண்ணின் மேல் ஒட்டினாள். “இப்ப ஓட்டுங்க” என்றாள். டிகிரி காட்டும் மென்பொருளையும் அவள் எதிரிலேயே நீக்கினேன்.

அடுத்த இரண்டு வாரம் பொற்காலம். திருச்சிக்கு ஒன்று, கோயம்புத்தூருக்கு ஒன்று என்று தினமும் போய்வந்தேன். விமானம் வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அலுவலகத்தில், “4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் சும்மாவா? பார்த்தாலே வித்தியாசம் தெரியும்” என்று மூன்று பேரிடம் சொல்லி, ஒருவரைக் கூலரே வாங்க வைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். “என்னடா, ஃபேன் சத்தம் முன்ன மாதிரி இல்லையே? லோடு கம்மியா இருக்கே?”

சந்தேகம் வந்து, பிராசசரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட்டைத் திறந்தேன். 45 இல்லை. 34. அதாவது கம்பெனி கொடுத்த பழைய வேகம், அதன் வழக்கமான சின்ன டர்போவோடு.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. அது மின்வெட்டுக் காலம். நான் அலுவலகம் போனபிறகு அப்பா செய்தி படிக்கக் கம்ப்யூட்டரைப் போடுவார். ஒருநாள் போடப் போட மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. அரைகுறையாக எழுந்து விழுந்த மதர்போர்டு, ஓவர்கிளாக் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டி ஒரு அறிவிப்பைப் போட்டிருக்கிறது.

“செட்டிங்குக்குப் போகணும்னா எஃப்1, பழையபடி ஓடணும்னா எஃப்2ன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு” என்றார் அப்பா. “பழையபடி ஓடினா நல்லதுதானேன்னு எஃப்2 அழுத்தினேன்.”

“எப்பப்பா?”

“அது ஆச்சு, ரெண்டு வாரம். மருமக பொட்டு ஒட்டினாளே, மறுநாள்.”

ஆக, வெண்ணெயில் கத்தி போல இறங்கியதெல்லாம் அதே 17-தான்.

மறுபடி 45 போட எனக்குக் கை வரவில்லை. சூடு குறைந்தது, டேபிள் ஃபேன் தையல் மிஷினிடமே திரும்பிவிட்டது, மின் கட்டணத்தைப் பற்றி அப்பா பேசுவதை நிறுத்தினார். கூலர் மட்டும் மலை மாதிரி உள்ளே நிற்கிறது. கேபினெட் கதவு இன்றுவரை மூடவில்லை.

முதன்முதலாக ஓவர்கிளாக் செய்யப்போகும் அன்பர்களுக்கு அனுபவத்தில் நான்கு வார்த்தை. பேஸ்ட் வைக்க அளவு, காய்ந்த பட்டாணி. வோல்டேஜை ஏற்றினால் துளித்துளியாக ஏற்றுங்கள். அந்த வட்டப் பேட்டரி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் தொடங்குமுன், 10 ரூபாய்க்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி ஒன்றை மட்டும் மூலையில் ஒட்டி, இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அதிலேயே தீர்ந்துவிட்டது.