பதினோரு நரம்புகள்

மனிதனுக்குக் கபால நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. எங்கள் ஹாஸ்டலில் மட்டும் பதினொன்று.

எண்பதுகளின் கடைசி. தென்மாவட்டத்தில் ஒரு நர்ஸிங் பள்ளி. நூலகத்தில் அனாடமிப் புத்தகம் இருந்தது, அலமாரிக்குப் பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆகவே சீனியர் அக்காக்களின் நோட்டே எங்களுக்கு வேதம். அவர்கள் தங்கள் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள். இந்தக் குருபரம்பரையில் எந்த அக்காவோ தூக்கக் கலக்கத்தில் நான்காவது நரம்பை விட்டுவிட, ட்ரோக்ளியர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஒரு தலைமுறை தேறிவிட்டது. பத்தாவது நரம்பான வேகஸ் எங்களுக்கு ஒன்பதாவது. ட்ரோக்ளியர் பழுதானால் மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும். அப்படியொரு நரம்பே இல்லாத நாங்கள் மெஸ் மணி அடித்தால் மூன்றாம் மாடியிலிருந்து தடுமாறாமல் இறங்கி வந்தோம். வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த அம்மா, மூன்றாவது பெண்ணும் “பதினொன்று மேடம்” என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

படிப்பு என்றால் அன்று சத்தம். காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நடந்தபடியே கத்துவோம். பத்து மணிக்கு வார்டன் விளக்கை அணைத்ததும் கூட்டம் குளியலறை பல்புக்கு இடம்பெயரும். பலரும் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். ‘ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு’ என்று தமிழில் எழுதிவைத்து உருப்போட்டோம். ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று தன்னையே சோதித்து 1885-ல் புத்தகம் போட்டார். அர்த்தமில்லாத அசைகளுக்காக அவர் மெனக்கெட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது. எங்களுக்குப் பாடத்திலேயே கிடைத்தது.

இப்போது என் அண்ணன் மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறாள். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அனாடமி மட்டும் தமிழில் யூடியூபில் பார்க்கிறாள், அப்போதுதான் புரிகிறதாம். அவள் மேஜையில் இருக்கும் ஹைலைட்டர்களைக் கொண்டு ஒரு கோயில் கோபுரத்துக்கே வர்ணம் பூசலாம். காதில் மழைச் சத்தம் ஓடும், கவனம் சிதறாமலிருக்க. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் மணியடித்து அவளை ஓய்வெடுக்கச் சொல்லும். ஓய்வு அந்தப் போனிலேயே முக்கால் மணி நேரம் நடக்கும். தூங்கினால்தான் படித்தது மூளையில் தங்கும் என்று ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு வீடியோ அனுப்புகிறாள்.

ஒருநாள், “திரும்பத் திரும்ப வாசிக்கிறது வேஸ்ட், அத்தை. ஆக்டிவ் ரீகால்தான் பெஸ்ட்” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கவைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஜெயித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, வாசித்த கூட்டத்துக்குத்தான் தங்கள் ஞாபகத்தின்மேல் அதிக நம்பிக்கை இருந்தது என்பது. குளியலறை பல்புக்கடியில் எங்களுக்கும் நம்பிக்கைக்குக் குறைவே இருந்ததில்லை.

ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். எந்த ஆராய்ச்சியையும் வாசித்தவராகத் தெரியவில்லை. காலையில் டூட்டி மாறும்போது லேப் ரிப்போர்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வார்.

“ஏ பிள்ள, இங்க வா. பொட்டாசியம் எவ்வளவு இருக்கணும்?”

“3.5-லேர்ந்து 5 சிஸ்டர்.”

“லாசிக்ஸ் போட்டா ஏறுமா, இறங்குமா?”

“இறங்கும்.”

“இவரு டிஜாக்ஸினும் சாப்பிடுறாரே?”

மௌனம். பொட்டாசியம் இறங்கினால் டிஜாக்ஸின் நஞ்சாகும், மாத்திரை கொடுக்குமுன் ஒரு நிமிடம் முழுதாக நாடி பார்க்க வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதைக் கட்டிலில் படுத்திருந்த பெரியவரே எனக்காகச் சொல்லிவிடுவார்போல் பார்த்தார். இரண்டு நாள் விட்டு அதே கேள்வி. பிரசவ வார்டுக்கு மாற்றிப் போட்ட பிறகு, இனி தப்பித்தோம் என்று தட்டோடு மெஸ் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து குரல் வரும்: “டிஜாக்ஸின்?” சாம்பார் வாங்குமுன் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் அகராதியில் இதற்குப் பெயர் கொடுமை. மேட்ரனிடம் மனு கொடுப்பதாகக்கூட ஒரு திட்டம் இருந்தது, மனு எழுத யாருக்கும் இங்கிலீஷ் வராததால் கைவிடப்பட்டது.

நான் டியூட்டராகிப் பல வருஷம் கழித்து, ஏசி அறையில் ஒரு பயிலரங்கத்துக்கு அனுப்பினார்கள். கோட்டு போட்ட பையன் ஒருவர் வளைகோடு ஒன்றைத் திரையில் காட்டி, மறக்கப் போகிற நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், இடத்தை மாற்றிக் கேட்பது இன்னும் நல்லது என்றார். மெஸ் வரிசையை அவர் குறிப்பிடவில்லை. டீ, பிஸ்கட், சான்றிதழ் எல்லாம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த என் வகுப்புத் தோழி, “அந்தக் காலத்துப் படிப்பே தனி” என்று பெருமூச்சு விட்டாள். அவள் வேகஸை ஒன்பதாவது நரம்பென்று எழுதி அரியர் வைத்தவள். அந்தக் காலத்தில் நல்லதென்று நான் சொல்வது அந்த ஒரு சிஸ்டரைத்தான். மிச்சமெல்லாம் பயமும் தூக்கமின்மையும். நைட் டூட்டி முடித்துக் காலை வகுப்பில் கண்திறந்து தூங்கும் கலையில் நாங்கள் அடைந்த தேர்ச்சிக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

போன வாரம் இன்டர்னல் தேர்வுக்கு முன்னால், “அத்தை, கொஞ்சம் கேள்வி கேளுங்க” என்று அண்ணன் மகள் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். வாங்கி மூடினேன்.

“500 மில்லி, எட்டு மணி நேரத்துல ஏத்தணும். மில்லிக்கு இருபது சொட்டு விழுற செட். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?”

போனை எடுக்கக் கை நீண்டது. பார்த்தேன். கை திரும்பிப் போயிற்று. உதடு அசைந்தது.

“இருபத்தொண்ணு.”

“கையில வீக்கம் வந்தா?”

“முதல்ல ட்ரிப்பை நிறுத்தணும். ஊசி இடம் மாறியிருக்கும்… அத்தை, நீங்க ரொம்ப மிரட்டுறீங்க. சரியாச் சொன்னா போன்ல இருக்கிற ஆப்பு பூ தூவும்.”

“கபால நரம்பு எத்தனை?” என்றேன்.

“அத்தை, நான் ஆப்புலயே பார்த்துக்கிறேன்.”