மருதனார்மடத்து ஓசை வைத்தியர்

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வீதியில், இணுவிலைக் கடந்து சுன்னாகத்தை அடையுமுன் வரும் மருதனார்மடச் சந்தி, 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியாலும் ஆஞ்சநேயர் கோயிலாலும் மரக்கறிச் சந்தையாலும் பெயர் பெற்றதாயினும், அச்சந்திக்கும் குடாநாட்டின் ஏனைய சந்திகளுக்கும் பொதுவான ஒரு மனித வகையினர் எவ்வித ஆய்வுக்கும் உட்படாமலே இருந்துவருவது வியப்புக்குரியது. வாகனம் கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் வருத்தத்தைக் காதால் அறிந்து, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் அறிவிக்கும் இவரை ஓசை வைத்தியர் என அழைக்கலாம். இவரை மெக்கானிக்குடன் மயங்குதல் கூடாது. மெக்கானிக்கின் நகக்கண்ணில் கிறீஸ் இருக்கும், இவருடைய வெள்ளைச் சட்டையிலோ விபூதியைத் தவிர வேறெதுவும் பட்டதில்லை.

இவ்வகையினரின் செவி ஒரு காலத்தின் விளைவு. 1990 இல் தொடங்கிய போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளானபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண், அதாவது அழுத்தத்தின்கீழ்த் தானாகத் தீப்பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு, மிகக் குறைவாதலால், ஏற்றத்திலோ சுமையிலோ கலவை உரிய வேளைக்குக் காத்திராமல் வெடித்துச் சிலிண்டருக்குள் சலங்கை குலுக்கும். எரியாத மிச்சமோ பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஓயிலுக்குள் இறங்கி, அதனை நீர்க்கச் செய்து, நாளடைவில் பெயரிங்குகளைத் தின்றுவிட, அதற்கென வேறொரு கனத்த இடி கேட்கத் தொடங்கும். வானிலிருந்து வந்த ஒலிகளை ஒதுக்கிவிட்டால், மின்சாரமும் அற்றுப்போன அவ்வாண்டுகளில் ஊன்றிக் கேட்பதற்கு இவற்றைவிட வேறு அதிகம் இருக்கவில்லை. ஓசை வைத்தியரின் கல்வி முழுவதும் அக்காலத்துக்குரியது. அது குறைவான கல்வி அன்று.

அவருடைய ஒரே கருவி நீளத் திருப்புளி. அதன் முனையை எஞ்சினின் உடலில் ஊன்றிப் பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்தால், சத்தம் பிறக்குமிடம் மற்ற இடங்களிலிருந்து பிரிந்து கேட்கும். 1816 இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இத்தகைய முறையே. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகையில் அடியிலுள்ள கிராங்க் சாஃப்ட் நொடிக்குப் பதின்மூன்று முறைக்குச் சற்று மேல் சுற்ற, வால்வுகளைத் திறக்கும் காம் சாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுமாதலால், தட்டும் ஒலியின் தாளத்தைக் கொண்டே நோய் மேலேயா கீழேயா எனத் தீர்மானிக்க இயலும். ஓசை வைத்தியர் எண்ணுவதில்லை, தலையை ஆட்டுவார். அந்த ஆட்டத்தில் தாளம் பிசகாது என்பதை அவரோடு கோபமாயிருப்பவர்களும் ஒப்புவர். அவருடைய குறை செவியில் இல்லை, தீர்ப்பில் உள்ளது. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்கு வைத்தியர் எதற்கு என்பது அவர் கருத்து.

இக்கருத்து மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது, ஓடாத ஸ்போர்ட்ஸ் காரின் விடயத்தில். ரொறன்ரோவில் குடியேறிய மருதனார்மடத்து மைந்தர் ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டே இருக்கையும் திறக்கும் கூரையுமுடைய காரொன்றை வாங்கி, உப்புக் கொட்டிய பனிக்கால வீதிக்கு அஞ்சி ஆண்டின் பாதியைக் கராஜுக்குள் போர்வையின்கீழ்க் கழிக்க வைக்கிறார் எனக் கொள்வோம். இளவேனிலில் அதனை வெளியே எடுத்தால் சத்தங்கள் வரிசையில் நிற்கும். பிறேக் தட்டில் படிந்த கறள் முதற் சில தரிப்புகளுக்குக் கரகரக்கும். ஒரே இடத்தில் நின்று தட்டையான ரயர், எஞ்சினின் வேகத்துக்கன்றிச் சக்கரத்தின் வேகத்துக்கு இசைந்து தொம்தொம் என்னும். காய்ந்து இறுகிய பெல்ட் கீச்சிடும். ஓயிலின் அழுத்தத்தால் தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ரோலிக் ரப்பெற் உடைய எஞ்சினாயின், வால்வை அமத்தும் அவ்வுறுப்பிலிருந்து ஓயில் வடிந்துவிட்டமையால், அது மீண்டும் நிறையும்வரை டிக்டிக் என்று தட்டும். 1989 இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 இந்தத் தட்டலுக்குப் பேர்போனது. இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு மருந்து, புது ஓயிலும் நெடுந்தூர ஓட்டமுமே. மைந்தரோ மீற்றரில் தூரம் ஏறினால் காரின் மதிப்பு இறங்குமென்று ஓட்டுவதில்லை.

அவர் சத்தத்தைக் கைத்தொலைபேசியிற் பதிந்து தந்தைக்கு அனுப்ப, தந்தை அதனைச் சந்திக்குக் கொணர்கிறார். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கி ஆழ்ந்த இடியை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிட்டு மெல்லிய தட்டலை மட்டும் பெருக்கிக் காட்டும் இயல்பினதாயினும், ஓசை வைத்தியர் கண்ணை மூடி, தேநீரைத் தள்ளிவைத்து, “தம்பிக்குச் சொல்லும், உது பிக் என்ட் போட்டுது, எஞ்சின் இறக்கத்தான் வேணும்” என்கிறார். பிக் என்ட் என்பது பிஸ்ரன் தண்டு கிராங்க் சாஃப்டைப் பற்றும் பெயரிங். உண்மையிலேயே அது போயிருந்தால் காரை ஓரடியும் ஓட்டக்கூடாது. தந்தை கலங்கிப் பதிவை மீண்டும் இயக்க, இம்முறை இடி கேட்கவில்லை. முதன்முறை கேட்டது, பலாப்பழம் இறக்க வந்து பின்னால் நின்ற ஓட்டோவினுடையது. தீர்ப்பு மீளப்பெறப்படவில்லை. ஓட்டோக்காரர் மட்டும் தனியே அழைக்கப்பட்டு, அவருக்கு அது வழங்கப்பட்டது. அது சரியாகவும் இருந்தது.

இவ்வகையினருக்கு மெய்யான போட்டி மெக்கானிக்கிடமிருந்து வரவில்லை. இக்காலத்துப் பெற்றோல் கார் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றின் உடலில் ‘நொக் சென்சர்’ எனும் சிறு உறுப்பொன்று முடுக்கப்பட்டிருக்கிறது. அதிர்ச்சியை மின்னாக மாற்றும் பளிங்கினால் ஆன அது, சிலிண்டருக்குள் சலங்கை குலுங்கும் ஒலியை மட்டும் காத்திருந்து கேட்டு, கேட்டவுடன் கணினிக்கு அறிவிக்க, கணினி தீப்பொறியைச் சற்றுப் பிந்தவிடுகிறது. மண்ணெண்ணெய் ஆண்டுகளில் ஓசை வைத்தியர் பயின்ற தலையாய வித்தையை, எவருக்கும் கேட்குமுன்னரே, ஊதியமும் உரையாடலுமின்றி அது செய்து முடித்துவிடுகிறது. சந்தியில் நின்ற தொழில்நுட்பக் கல்லூரி மாணவன் ஒருவன் இதனை விளக்கியபோது, ஓசை வைத்தியர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, எஞ்சினுக்கே காது வைத்திருக்கிறார்களா என உறுதிசெய்துகொண்டு, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று விசாரித்து, அங்கே திருப்புளியை ஊன்றி, அதற்குச் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தார்.