எட்டுக் கிலோ பூனைக்கு எத்தனை நிலைக் கோபுரம்?

சங்கரன்கோவிலில் கோபுரம் என்றால் சங்கரநாராயணர் கோயில் கோபுரம்தான். ஒன்பது நிலை, 125 அடி. இப்போது ஊருக்குள் இன்னொரு கோபுரமும் கேட்கிறார்கள், வீட்டுக் கூடத்தில், பூனைக்கு. பூனையும் லேசுப்பட்டதல்ல. மெயின் கூன் இனக் கடுவன் சாதாரணமாக எட்டுக் கிலோவைத் தொடும்.

ஆன்லைனில் கிடைப்பது அட்டைக் குழாயும் மரத்தூள் பலகையும். அந்த ஏழ்மையை மறைக்க ரோஜா நிற வெல்வெட். விளம்பரப் படத்தில் உச்சியில் வீற்றிருப்பது எப்போதும் கையடக்கக் குட்டிப் பூனை. எட்டுக் கிலோ பூனை பீரோவிலிருந்து பாய்ந்தால் கோபுரம் ஆடும். ஒரு தடவை ஆடினால் போதும், பூனை அந்தப் பக்கமே திரும்பாது. அதன் தரச் சோதனையில் மேல்முறையீடு கிடையாது.

உள்ளூர் ஆசாரியே மேல். அடிப்பலகை அகலமாக, கனமாக இருக்க வேண்டும். பின்னங்காலில் நின்று உடம்பை முழுசாக நீட்டிப் பிறாண்ட, தூண் மூன்றடிக்குக் குறையக் கூடாது. வெல்வெட்டுக்குப் பதில் சைசல் கயிறு. தலைப்பகுதியைச் சுவரோடு திருகாணியால் இறுக்க வேண்டும். மெத்தைக்குத் துணி? விசைத்தறி ஊரில் அது ஒரு கேள்வியா!

ஆசாரி நிலைக்கதவுக்கு எடுக்கிற சிரத்தையோடு அளவெடுத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: “எலி கிலி பிடிக்குமா அண்ணாச்சி?”

“அதெல்லாம் இல்ல. சும்மா படுத்துக் கிடக்கும்.”

கூலியில் ஐந்நூறு கூட்டிச் சொன்னார்.